தலைக்கட்டுக்கு ஒரு சிப்பாய்

ஹாலந்துக்காரர்கள் கப்பலிலிருந்து கரைக்கு எப்படி வந்தார்கள் என்று லியோங் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் பழவேற்காட்டுக்குப் போனேன்.

லியோங் மலேசியாவில், ஈப்போவில் மருந்துக்கடை வைத்திருப்பவர். நான் அதே தெருவில் பல் செட் செய்பவள். பகலெல்லாம் ஊரார் வாய்க்குப் பல் வார்ப்பேன். வேலை முடிந்ததும் அதே மேசையில், அதே மெழுகுக் கத்தியை வைத்துக்கொண்டு, கட்டைவிரலின் பாதி உயரத்தில் பழங்காலத்துச் சிப்பாய்களைச் செய்வேன். லியோங்கும் நானும் இன்னும் இரண்டு பேரும் மேசை மேல் கடலையும் மணலையும் பரப்பி, பகடை உருட்டி, என்றோ முடிந்துபோன சண்டைகளை மறுபடி நடத்திப் பார்ப்போம். ஐம்பது வயதில் அம்மாவுக்குப் பொம்மை விளையாட்டு என்று என் மகள் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும், அவளுடைய முன்பல் நான் செய்ததுதான்.

இந்த முறை ஆட எடுத்துக்கொண்டது டச்சுக்காரர் காலத்துப் பழவேற்காடு. எனக்கு அவர்கள் மேல் ஒரு பழைய பாசம் உண்டு. நான் பிறந்த ஊருக்கு எதிரே, பங்கோர் தீவில், வெள்ளீயத்துக்காக அவர்கள் கட்டிய சின்னக் கோட்டை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சுற்றுலா என்றால் அங்கேதான் கூட்டிப்போவார்கள். லியோங் எப்போதும் டச்சுப் பக்கம்தான் ஆடுவார். அவருக்காக ஒரு கம்பெனி, அதாவது ஒரு படைப்பிரிவு, செய்தேன். அகன்ற தொப்பி, திரி வைத்துச் சுடும் துப்பாக்கி, ஈட்டிக்காரர்கள், முரசுக்காரன், கொடிக்காரன், வயிறு பெருத்த ஒரு தலைவன். கடைசி உருவத்தை வார்த்து எடுத்த அன்றே ரப்பர் அச்சு கிழிந்துவிட்டது. மூல உருவங்கள் அதற்கு முன்பே, அச்சை அழுத்தும்போது நசுங்கிப் போயிருந்தன. ஆகவே உலகத்தில் அந்தக் கம்பெனி ஒன்றே ஒன்றுதான். வர்ணம் பூச லியோங் தூரிகையோடு காத்திருந்தார்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. பழவேற்காட்டில் கப்பல் கரை வரைக்கும் வராதே, படகுக்காரர்கள் எங்கே என்றார். நான் செய்யவில்லை. கழி ஊன்றிப் படகு விடுகிறவன் எந்தக் காலை முன்னே வைப்பான், இடுப்பு எப்படித் திரும்பும் என்று எனக்குத் தெரியவில்லை. படத்தைப் பார்த்துச் செய்ததெல்லாம் வேல் பிடித்து நிற்கும் முருகனைப் போலவே வந்தது. கோபம் வந்து அவற்றை உருக்கிப் போட்டேன். பிறகு விமானம் ஏறினேன். அந்தக் கம்பெனியை ஒரு பிஸ்கட் டின்னில் பஞ்சு வைத்து அடுக்கிக் கையோடு எடுத்துக்கொண்டேன், அசல் மணலில் நிறுத்திப் படம் எடுக்கலாம் என்று.

சென்னையிலிருந்து போகும் ரயிலில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் மடியில் கனகாம்பரம் தொடுத்துக்கொண்டே வந்தாள். அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்ததில் எங்கே இருக்கிறோம் என்பது மறந்துபோனது. அவள் எழுந்தாள், நானும் எழுந்தேன். அவள் இறங்கினாள், நானும் இறங்கினேன். ரயில் போன பிறகு பார்த்தால் பலகையில் அனுப்பம்பட்டு என்று இருந்தது. பொன்னேரியில் இறங்கவேண்டும் என்று அவளிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன்.

"பொன்னேரி அடுத்த ஸ்டேஷனாச்சே. இங்க இன்னாத்துக்குமா எறங்குன?" என்றாள் பூக்காரி. நீ இறங்கினாய், அதனால் இறங்கினேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவளே சாலைக்குக் கூட்டிவந்து ஒரு ஐஸ் வண்டியை நிறுத்தி என்னை ஏற்றிவிட்டாள். மீன் பெட்டிக்குப் போகும் ஐஸ். காட்டூர் தாண்டி, திருப்பாலைவனம் தாண்டி, இரண்டு பக்கமும் நெல் வயல் ஓட, நான் முன் சீட்டில் காலுக்கடியில் ஐஸ் தண்ணீர் சொட்ட உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊர் நெடுஞ்சாலையில் இப்படிப் போனால் போலீஸ் நிறுத்தும். இங்கே ஒரு போலீஸ்காரரே கையைக் காட்டி வண்டியை நிறுத்தி ஏறிக்கொண்டார்.

பழவேற்காட்டு பஜாரில் டீ குடித்தேன். எங்கள் ஊரில் ஆற்றித் தரும் டீயான தே தாரிக்கை விடச் சின்ன கிளாஸ், பெரிய சர்க்கரை. கோட்டைக்கு எப்படிப் போகவேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"கோட்டையா? அங்க முள்ளுதான் கீது, பாத்து போ," என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். மலாக்காவில் டச்சுக்காரர் கட்டிய வீட்டுக்குச் சிவப்புச் சாயம் அடித்து, வாசலில் பூ வைத்த ரிக்‌ஷா நிறுத்தி, பாட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். இங்கே கோட்டை முள்காட்டுக்குள் படுத்துத் தூங்குகிறது. எனக்கு இதுதான் பிடித்தது. கல்லறைத் தோட்டத்து வாசல் தூணில் எலும்புக்கூடு செதுக்கியிருந்தார்கள். ஒன்று தலையில் கை வைத்து யோசித்துக்கொண்டிருந்தது. விலா எலும்பைத் தொட்டுப் பார்த்தேன், செதுக்கியவனுக்கு எலும்பு தெரிந்திருக்கிறது.

படகு வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரித்தபோது, கரையில் நண்டு விற்றுக்கொண்டிருந்த தேசம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். இன்னா வேணும் உனக்கு என்றாள். படகு ஓட்டுகிற ஆளைச் சும்மா பார்க்கவேண்டும் என்றேன். அவள் கூடையைக் கவிழ்த்துவைத்துவிட்டுச் சிரித்தாள்.

"எங்கூட்டுக்காரர பாரு. அவரு ஒருத்தருதான் சும்மா கீறாரு," என்றாள்.

அப்படித்தான் நான் ஏரிக்கு அக்கரையில் அவர்கள் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்தக் குப்பத்தின் பெயரை எழுதவேண்டாம் என்று பிறகு கேட்டுக்கொண்டார்கள், ஆகவே எழுதவில்லை. ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் கடல், நடுவில் மணலும் வீடுகளும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மடவை மீன் குழம்பு. எங்கள் ஊர் மலாய் மீன் குழம்பு அசாம் பெடாஸ் போலப் புளிப்பு, அதில் நீந்தும் முருங்கைக்காய். ஈப்போ எங்கே இருக்கிறது, சிங்கப்பூர் பக்கமா என்று தேசம்மா கேட்டாள். எந்த மலேசியரையும் கோபப்படுத்தும் கேள்வி இது. வாயில் மீன் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுநாள் விடிந்ததும் ஏரியைப் பார்த்து அசந்து நின்றேன். தண்ணீர் முழங்கால் ஆழம்தான் இருக்கும், எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அதன் நடுவில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் குனிகிறார், இருவர் எதையோ இழுக்கிறார்கள், சத்தமே இல்லை. கட்டைவிரலை நீட்டி ஒரு கண்ணை மூடி அளந்து பார்த்தேன். எல்லாரும் சரியாக என் சிப்பாய்கள் அளவில் இருந்தார்கள். யாரோ ஒருவர் என்னைப் போல மேசை முன்னால் உட்கார்ந்து இவர்களை எடுத்து எடுத்து வைத்திருக்கிறார் என்று ஒரு கணம் நம்பிவிட்டேன்.

தேசம்மாவின் கணவர் எல்லப்பன் அதிகம் பேசாதவர். நான் படகின் முன்னால் உட்கார்ந்து அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தது அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"இன்னாக்கா அப்டி பாக்குற? காலுல முள்ளு எதுனா கீதா?"

இல்லை, காலை எப்படி வைக்கிறீர்கள் என்று பார்க்கிறேன் என்றேன். அவ்வளவுதான், அவருக்கு நடையே மறந்துவிட்டது. படகு சேற்றில் ஏறி நின்றது. பார்க்காத மாதிரி பார்க்கக் கற்றுக்கொள்ள எனக்கு அரை நாள் பிடித்தது. அப்போதுதான் புரிந்தது, அவர் கழியைத் தள்ளவே இல்லை. கழியைத் தரையில் ஊன்றிவிட்டு, அதைப் பிடித்தபடி, காலுக்கடியில் இருக்கும் படகை முன்னே அனுப்புகிறார். அவர் நின்ற இடத்தில் நிற்கிறார், படகுதான் போகிறது. இடுப்பு பின்னால், முகம் வேறு எங்கோ. நான் முருகனைச் செய்ததில் ஆச்சரியமே இல்லை.

மத்தியானம் நிழலில் உட்கார்ந்து மெழுகில் அதைப் பிடிக்கப் பார்த்தேன். பக்கத்தில் டின்னைத் திறந்து கம்பெனியை மணலில் நிறுத்தியிருந்தேன். தேசம்மா வந்து தலைவனைக் கையில் எடுத்தாள்.

"இவுங்கதான் அந்தாண்ட கல்லறையில படுத்துக்கினு கீறவங்களா?"

ஆமாம் என்றேன். அவள் அவனுடைய வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, நல்லா சாப்ட்டு கீறான் என்று சொல்லித் திருப்பி வைத்தாள்.

சூட்டில் கண் அசந்துபோயிற்று. கனவா, பாதிக் கனவா தெரியாது. தூரத்தில் கப்பல் நிற்கிறது. படகுகள் வருகின்றன. எல்லாப் படகிலும் எல்லப்பனே நின்று கழி ஊன்றுகிறார். தொப்பி போட்டவர்கள் பூட்சைக் கையில் பிடித்தபடி, நனைந்துவிடுவோம் என்ற பயத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கரையில் யாரும் சண்டைக்கு நிற்கவில்லை. தேசம்மா மட்டும் நண்டுக் கூடையோடு நின்று, ஏரில தண்ணி கம்மி, எறங்கி நடங்க என்கிறாள். விழித்தபோது முரசுக்காரன் மணலில் பாதி புதைந்திருந்தான்.

அன்று சாயங்காலம் எல்லப்பன் வீட்டுக் கூரையில் தொங்கிய வலையிலிருந்து ஈயத்தை அறுத்து எடுத்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலில்தான் பாடு என்ற விஷயம் எனக்குத் தெரியவந்தது.

ஏரியில் இறால் ஓடும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியாது. ஆகவே முறை வைத்துக்கொள்கிறார்கள், அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் யாருக்கு எந்தப் பாடு என்று தேர்ந்தெடுப்பார்கள். இந்தக் குப்பத்தில் அதைத் தேர்ந்தெடுப்பது ஒரு பானை. தலைக்கட்டுக்கு ஒன்றாக, அதாவது ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்றாக, ஈயத்தில் ஒரு வில்லை உண்டு. அந்தந்த வீட்டுக் குறி அதில் கீறியிருக்கும். ஏரித் தண்ணீர் நிரப்பிய பானையில் எல்லாரும் மூடிய கையோடு வந்து வில்லையைப் போடுவார்கள். அந்த வருஷம் கடைசியாகக் கல்யாணமாகிக் குப்பத்துக்கு வந்த மருமகள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுப்பாள். வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, யார் மேலும் இன்னும் பகையோ பாசமோ வந்திருக்காது என்பது கணக்கு.

எல்லப்பன் வீட்டு வில்லை போன மழையில் கூரை மாற்றியபோது தொலைந்துவிட்டது.

"வில்ல இல்லன்னா பாடு இல்லக்கா. பாடு இல்லன்னா இந்தப் பருவம் பூரா அடுத்தவன் படகுல ஏறி கூலிக்கு போவணும். எங்க நைனா யாரு படகுலயும் கூலிக்கு ஏறுனதில்ல," என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அப்போதுதான்.

பானை மறுநாள். அவர் ஈயத்தைக் கரண்டியில் உருக்கி மணல் குழியில் ஊற்றிக்கொள்வதாக இருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வார்ப்பு வேலை என்றால் எனக்குக் கை அரிக்கும். அதோடு, வாய்க்குள் போகும் பொருளைச் செய்கிறவள், காரீயம் என்றாலே பத்தடி தள்ளி நிற்பேன். என் சிப்பாய்களும் வெள்ளீயக் கலவைதான். ஈயப் புகை உடம்புக்கு ஆகாது, நான் செய்து தருகிறேன், என்னிடம் நல்ல உலோகம் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன்.

கடற்கரையில் கணவாய் ஓடு ஒதுங்கிக் கிடக்கும், வெள்ளையாக, நகத்தால் கீறினால் மாவாக உதிரும். அதில் உலோகம் வார்க்கலாம் என்பது எங்கள் தொழிலில் பழைய சங்கதி. இரண்டு ஓடுகளை ஒன்றோடு ஒன்று தேய்த்துச் சமமாக்கி, தைல பாட்டில் மூடியை அழுத்தி வட்டம் எடுத்து, அவர்கள் வீட்டுக் குறியான நண்டுக் காலை உள்ளே கீறினேன். வலை நூலால் இரண்டையும் கட்டி மணலில் நிறுத்தினேன். உலோகத்துக்கு, கை சரியாக வராத ஈட்டிக்காரன் ஒருவனைக் கரண்டியில் போட்டு அடுப்பில் காட்டினேன். ஊற்றியதும் முடி கருகும் வாசனை வந்தது. பிரித்தபோது வில்லை வெள்ளிக்காசு போலப் பளபளத்தது, அதன் மேல் கணவாய் ஓட்டின் வரிகள், தண்ணீர் வற்றிய மணலைப் போல. தேசம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை அம்மன் கோயில் எதிரே பானை வைத்தார்கள். ஊர்ப் பெரியதனக்காரர் முன்னால் நிற்க, எல்லாரும் மூடிய கையோடு வந்து போட்டார்கள். மருமகள் பெயர் நாகமணி. தடா பக்கத்துப் பெண், தெலுங்குதான் வாயில் முதலில் வரும். அவளுடைய கண்ணைக் கட்டினார்கள். பானையைக் குலுக்கினார்கள். அவள் கையை விட்டு முதல் வில்லையை எடுத்தாள்.

வெயில் பட்டு அது மின்னியது. நண்டுக் கால். எல்லப்பனுக்கு முதல் பாடு. தேசம்மா என் கையைப் பிடித்து நெரித்தாள்.

ஆனால் நாகமணி வில்லையைக் கீழே வைக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து லேசாகத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

"இதி தேலிக்கா உந்தி," என்றாள். பிறகு கண்கட்டோடேயே பெரியதனக்காரர் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள். "மத்ததெல்லாம் அடியில கனமா கீது மாமா. இது மட்டும் லேசா மேல வந்துச்சு. அதான் கைல மாட்டுச்சு."

ஒரே அளவில் வார்த்தால் வெள்ளீயம் காரீயத்தைவிட எவ்வளவோ லேசு. அது தெரியாதவளா நான்? தினமும் அதோடு புழங்குகிறவள். குலுக்கினால் லேசானது மேலேதானே வரும்? குறியைக் கீறும்போதும் வரியை ரசிக்கும்போதும் அது ஒரு முறைகூட என் மண்டையில் ஏறவில்லை. அழகாக இருக்கவேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

சத்தம் கிளம்பியது. பொய் வில்லை போட்டவன் அந்தப் பருவம் பானைக்கு வெளியே நிற்கவேண்டும் என்பது அவர்கள் கட்டு. எல்லப்பன் தலையைக் குனிந்து நின்றார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் முன்னால் போய், செய்தது நான், இவருக்கு உலோகம் தெரியாது என்று சொன்னேன்.

"வெளியூரு பொம்பள செஞ்சான்னா, போட்டது யாரு?" என்றார் ஒருவர். அது நியாயமான கேள்விதான்.

வேறு ஈயத்தில் புதிதாக ஒன்று செய்தால் போயிற்று என்று சிலர் சொன்னார்கள். அதற்குள் ஒருவர் பானையைக் கவிழ்த்துத் தன் வில்லையையும் பக்கத்து வீட்டு வில்லையையும் இரண்டு கையில் வைத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அங்கேதான் வினை. தேய்ந்த வில்லை, தடித்த வில்லை, ஓரம் உடைந்த வில்லை. எந்த இரண்டும் ஒன்றாக இல்லை. இத்தனை வருஷமாக உங்க ஊட்டு வில்ல எளச்சிக்கினே வந்துக்கீது என்று ஒருத்தர் இன்னொருத்தரிடம் சொன்னார். நேற்று வரை யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்றை நான் கிளப்பிவிட்டிருந்தேன்.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு உருக்கிப் புதிதாக வார்க்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. தடித்த வில்லைக்காரர், எங்க ஊட்டு ஈயத்த அவன் ஊட்டுக்குக் கொடுக்கணுமா என்றார். அப்படியானால் வலை ஈயத்தில் செய்வோமே என்றால், யாருடைய வலையில் அறுப்பது? அறுத்துக் கொடுத்தவன் நாளைக்கு இது என் ஈயம் என்பான். பெரியதனக்காரர் மணலில் உட்கார்ந்து யோசித்தார்.

"ஊர்ல எவனோடதுமா இருக்கக் கூடாது," என்றார் மெதுவாக. "மருமக மாதிரி. வெளிய இருந்து வந்ததா இருக்கணும்."

நாகமணி கண்கட்டை அவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். தேசம்மாவும் பார்த்தாள். டின் எங்கே இருக்கிறது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், ஆனால் அவள் வாய் திறக்கவில்லை. அதற்காக அவளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

சிக்னல் கிடைக்கும் இடம் கடல் பக்கத்து மணல்மேடு. அங்கே ஏறி லியோங்குக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். எத்தனை குடும்பம் என்று கேட்டார். சொன்னேன். கம்பெனியில் எத்தனை பேர் மிச்சம் என்று கேட்டார். கிட்டத்தட்ட அதே அளவு, தலைக்கட்டுக்கு ஒரு சிப்பாய் வரும் என்றேன்.

"கொடிக்காரனுக்கு நீல வர்ணம் குழைத்து வைத்திருக்கிறேன்," என்றார் லியோங்.

நான் அழுதுகொண்டிருந்தேன்.

"வைத்திருந்தால் காய்ந்துவிடும், வேறு எதற்காவது பூசிக்கொள்கிறேன். அந்த மனிதரைக் கூலிக்கு அனுப்பாதே. நீ கிளப்பிவிட்டதை நீயே தீர்த்துவிட்டு வா," என்று சொல்லி வைத்துவிட்டார்.

டின்னைக் கொண்டுவந்து பெரியதனக்காரர் முன்னால் திறந்தேன். ஆட்கள் கூடிவிட்டார்கள். ஆளுக்கொன்றை எடுத்துப் பார்த்தார்கள். எங்களுக்கு அந்த முரசுக்காரன் என்று ஒரு வீடு, தொப்பி பெருத்தவன் எங்களுக்கு என்று இன்னொரு வீடு. பிரித்துக் கொடுப்பதற்கில்லை, எல்லாரும் ஒரே சட்டியில் விழவேண்டும், அப்போதுதான் எல்லாம் ஒன்று என்றேன். பழைய சட்டி ஒன்று போதும், இனி அதில் யாரும் சமைக்கக் கூடாது என்று சொல்லி வாங்கினேன். எல்லப்பன் வீட்டுப் பளபளப்பு வில்லையும் அதற்குள் போனது.

சிப்பாய்கள் உருகுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சரியாக வராததை உருக்குவது அன்றாட வேலை. இவர்கள் சரியாக வந்தவர்கள். முதலில் துப்பாக்கிகள் தளர்ந்து சாய்ந்தன. பிறகு விரல்கள். தலைவனுடைய வயிறு கடைசி வரை நின்றது, பிறகு அதுவும் அமர்ந்து, சட்டியில் ஏரித் தண்ணீரைப் போல ஒரு வட்டம் அசைந்துகொண்டிருந்தது. அதில் என் முகமும் தேசம்மாவின் முகமும் தெரிந்தன.

அன்று முழுவதும் பெண்கள் கணவாய் ஓடு பொறுக்கி வந்தார்கள். ஒரு ஓடு ஒரு வார்ப்புக்குத்தான் தாங்கும். ஒரே மூடியால் வட்டம் அழுத்தினேன். குறியை அந்தந்த வீட்டார் தங்கள் கையாலேயே ஓட்டில் கீறினார்கள். ஒரு வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் குறி எந்தப் பக்கம் வளையும் என்று தகராறு, அதற்கு ஒரு டீ நேரம் போயிற்று. முடிந்ததெல்லாம் நாகமணியின் கைக்குப் போனது. அவள் கண்ணை மூடிக்கொண்டு எடை பார்ப்பாள். சிலவற்றைத் தலையை ஆட்டித் திருப்பித் தருவாள், நான் மறுபடி சட்டியில் போடுவேன். பல் டாக்டர்கள்கூட என் வேலையை இப்படித் திருப்பி அனுப்பியதில்லை. பழைய ஈய வில்லைகளை அவரவர் வாங்கிப் போய் வலையில் கோத்துக்கொண்டார்கள்.

மறுநாள் மறுபடி பானை. மறுபடி மூடிய கைகள். எல்லப்பன் கையும் அதில் ஒன்று, யாருடைய பழைய வில்லையும் சரியில்லை என்று ஆனபிறகு அவரை மட்டும் வெளியே நிறுத்த முடியாது என்று பெரியதனக்காரர் சொல்லிவிட்டார். நாகமணி எடுக்க எடுக்க, எல்லாமே ஒரே மாதிரி மின்னின. குறியை உற்றுப் பார்த்துத்தான் யாருடையது என்று சொல்ல முடிந்தது. முதலில் வேறு யாரோ. இரண்டாவது வேறு யாரோ. நண்டுக் கால் வரவே இல்லை. தேசம்மா என் கையைப் பிடித்திருந்தாள், இந்தத் தடவை நெரிக்கவில்லை. பானையில் கொஞ்சமே மிச்சம் இருந்தபோது அது வந்தது.

நான் எல்லப்பனைப் பார்க்கப் பயந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னாக்கா மூஞ்ச அந்தாண்ட வச்சிக்கினு கீற? உள்ள வந்துட்டோம் இல்ல. எப்ப வந்தா இன்னா, எம் பாடு வரும், எம் படகுல போவேன்," என்றார்.

புறப்படும் நாள் அவரே என்னை இக்கரையில் கொண்டுவந்து விட்டார். நான் காலைப் பார்க்கவில்லை. அவர் நன்றாகவே ஓட்டினார். திரும்பிப் பார்த்தபோது குப்பத்து ஆட்கள் மறுபடி என் கட்டைவிரலில் பாதி அளவுக்கு ஆகிக்கொண்டிருந்தார்கள். டின்னில் பஞ்சுக்குள் மெழுகுப் படகுக்காரன் ஒருவன் மட்டும் இருந்தான்.

ஈப்போவில் அவனை வார்த்துப் பல படகுகளில் நிறுத்தினேன். முருகன் இல்லை, எல்லப்பன்தான். பேசிவைத்தபடியே ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையில் கடலைப் பரப்பி ஆட உட்கார்ந்தோம். லியோங்குடைய பக்கத்தில் ஒரு ஆள்கூட இல்லை. ஆனாலும் அவர் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, காற்றுக்குப் பகடை உருட்டினார், அலைக்குப் பகடை உருட்டினார். காலிப் படகுகள் கப்பலிலிருந்து கரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தன. ஒருவரும் சிரிக்கவில்லை.

பாதி வழியில் என் போன் மணி அடித்தது. தேசம்மா குரலைப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். பின்னால் ஒரே கூச்சல், பெட்டி இழுக்கும் சத்தம்.

"அக்கா, இன்னிக்கு எங்க பாடு. ஏரிய தொறந்து வுட்ட மாதிரி எறா. அந்தத் தொப்பிக்காரனுங்க கிட்ட சொல்லு."

என்ன சொல்கிறாள் என்று லியோங் கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் காலிப் படகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, எல்லாவற்றையும் அலை தாண்டிக் கரையில் ஏற்றி வைத்தார்.

"அப்படியானால் என் ஆட்கள் இறங்கிவிட்டார்கள்," என்று சொல்லிப் பகடையைப் பெட்டிக்குள் போட்டார்.